மதுரை பஸ் ஏறும் முன்: கடலோர வீட்டுக்கு மலிவில் டெஸ்க்டாப் சேர்க்கும் வரிசை

"அண்ணே, கேபினெட் வாங்கிட்டேன். உள்ள போட என்னென்ன வாங்கணும்?" என்று தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான். நாலு விசிறி, நாலு நிறத்தில் விளக்கு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கையிலிருந்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விட்டது. கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிட்டான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்கள் பலரும் இப்படி வரிசையில்தான் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு பார்ட்டும் அதற்கு முந்தைய முடிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்று மாறினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மாறும். நம் பக்கத்தில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. எல்லா மாடலும் கையிருப்பில் உள்ள கடைகள் மதுரையில்தான். ராமநாதபுரத்திலிருந்தே 100 கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரம் என்றால் அதற்கு மேல் இன்னும் 50க்கும் மேல். தப்பான ரேம் ஒன்றை மாற்றிவர ஒரு முழு நாள் போய்விடும். அதனால் எல்லா முடிவையும் வீட்டிலேயே தாளில் எழுதி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

விலையை ரூபாயில் எழுதப் போவதில்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், இன்று எழுதும் விலை அடுத்த மாதம் செல்லாது. பங்காகச் சொல்கிறேன். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

1. என்ன வேலை என்பதை எழுதுங்கள்

"எதுக்குப்பா கம்ப்யூட்டர்?" என்று கேட்டால் "எல்லாத்துக்கும்தான்" என்று பதில் வரும். எல்லாத்துக்கும் என்று வாங்கினால் பணம் பத்தாது. போன மாதம் எந்தெந்த மென்பொருளைத் திறந்தீர்கள், அல்லது திறக்க முடியாமல் தவித்தீர்கள் என்று பெயரோடு எழுதுங்கள்.

கருவாட்டு மண்டிக் கணக்கு, இ-சேவை விண்ணப்பம், ஆன்லைன் வகுப்பு இவைதான் என்றால் 4 கோர் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் மையம்) கொண்ட பிராசசரும் 8 ஜிபி ரேமும் வேலையை ஓட்டிவிடும். 16 இருந்தால் நிம்மதி. தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். கல்யாண வீடியோ எடிட்டிங் என்றால் 6 கோர், குறைந்தது 16 ஜிபி, அதோடு வீடியோவைச் சுருக்கித் தரும் சிப் உள்ளே இருக்க வேண்டும். கேம் என்றால் பட்ஜெட்டில் பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டு தின்றுவிடும், மற்றதையெல்லாம் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: விண்டோஸா, லினக்ஸா? கைரேகைக் கருவி, சில பிரிண்டர்கள் எல்லாம் விண்டோஸில்தான் ஒழுங்காகப் பேசும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் பிராசசரில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி பிராசசரில் ரைசன் 2000 வரிசை, இவற்றிலிருந்துதான் முறையாக ஏறும். இந்த ஒரு வரி பின்னால் 4ஆம் படியில் ஒரு பெரிய ஏமாற்றிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

2. வீட்டுக் கரண்டைச் சோதியுங்கள்

பார்ட்ஸ் பட்டியலுக்கு முன் கரண்டா என்று சிரிப்பார்கள். நான் திறந்து பார்த்த செத்த மெஷின்களில் பாதிக்கு மேல் கரண்டிலும் உப்பிலும் செத்தவை. அதனால் இந்தப் படி இவ்வளவு மேலே இருக்கிறது.

முதலில் எர்த். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் "சுருக்"கென்று இருக்கிறது என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்.எம்.பி.எஸ் (மெஷினுக்குக் கரண்ட் தரும் பெட்டி) உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் உட்கார்ந்திருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் ஏறத்தாழ பாதி வோல்ட் தேங்கி நிற்கும். அந்தச் சிறு கசிவு மட்டும் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் டிவியோ பிரிண்டரோ செருகினால் போர்ட் கருகலாம்.

கடலோரத்தில் எர்த் கம்பி சீக்கிரம் அரிக்கும். சுவரில் மூன்று துளை இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒரு புது எர்த் குழி தோண்டும் செலவை கம்ப்யூட்டர் பட்ஜெட்டிலேயே சேருங்கள். நேரடியாக ஒயரில் கைவைக்கத் தெரியாதவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்க வேண்டாம்.

அடுத்து வோல்டேஜ். மாலை 7 மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடும் நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள். 200க்குக் கீழே அடிக்கடி இறங்குகிறதென்றால் 8ஆம் படியில் எஸ்.எம்.பி.எஸ் தேர்வு மாறும்.

யுபிஎஸ் வாங்குகிறவர்கள் விஏ கணக்கில் ஏமாறுகிறார்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினும் மானிட்டரும் சேர்ந்தால் அதற்கு அது தாராளம். பெரிய கார்டு போட்டால் 1000 விஏ பக்கம் போக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அதில் யுபிஎஸ் முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண முறையில் கரண்ட் மாறும் இடைவெளி நீளமாக இருப்பதால் மெஷின் அணைந்து அணைந்து எழும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் கம்ப்யூட்டரை அதில் போடவே வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 230க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறலாம். ஸ்பைக் பஸ்டர் அதற்கு முன் நிற்காது. காற்று பலமானால் பிளக்கைப் பிடுங்குங்கள், ரூட்டரிலிருந்து வரும் லேன் கம்பியையும் சேர்த்து. லேன் போர்ட் வழியாக இடி இறங்கிய மதர்போர்டு இரண்டு என் அலமாரியில் கிடக்கிறது.

3. பணத்தைப் பிரியுங்கள்

மொத்தப் பணத்தை எழுதி, முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழியுங்கள்: யுபிஎஸ், எர்த் வேலை, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் லைசென்ஸ், பஸ் செலவு. மிச்சம்தான் சிபியு பெட்டிக்கான பணம். கொட்டேஷன் கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்று கேளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு நான் போடும் பங்கு இப்படி: பெட்டிக்கான 100 ரூபாயில் பிராசசரும் மதர்போர்டும் சேர்ந்து 45 முதல் 50, ரேமும் எஸ்எஸ்டியும் (கோப்புகள் தங்கும் வேகமான சேமிப்பு) சேர்ந்து 30, எஸ்.எம்.பி.எஸ் 12, மிச்சம் கேபினெட்டுக்கு. ரேம் விலை உச்சியில் இருக்கும் மாதங்களில் 30 என்பது 35 ஆகும். அந்த 5 ரூபாயை எஸ்.எம்.பி.எஸ்ஸில் பிடுங்காதீர்கள்.

படகுத் தொழில் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கையில் காசு இறுகும். அதற்கு முன்பே பாதி பார்ட்ஸ் வாங்கி வைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். செய்யாதீர்கள். பூட்டாமல் கிடக்கும் பார்ட்டில் கோளாறு இருந்தாலும் தெரியாது, மாற்றிக் கொடுக்கும் நாள் கடந்துவிடும். மொத்தமாக வாங்க முடியும்போது வாங்குங்கள்.

4. பிராசசரும் போர்டும் ஒரே முடிவு

இரண்டையும் தனித்தனியாகத் தேர்வு செய்யவே முடியாது. பிராசசர் உட்காரும் சாக்கெட் எது என்பது போர்டைத் தீர்மானிக்கிறது, போர்டு ரேம் வகையைத் தீர்மானிக்கிறது. இப்போது மலிவு பட்ஜெட்டில் கண்ணில் படுவது மூன்று வழி.

ஏஎம்4: ஏஎம்டியின் பழைய சாக்கெட், டிடிஆர்4 ரேம் (ரேமின் ஒரு தலைமுறை, டிடிஆர்5 அதற்கு அடுத்தது) மட்டும். எல்ஜிஏ1700: இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை. போர்டு மாடலைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. ஏஎம்5: ஏஎம்டியின் புதுசு, டிடிஆர்5 மட்டும்.

முதல் இரண்டுக்கும் இனிப் புது தலைமுறை பிராசசர் வராது. ஏஎம்5ஐ 2027க்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. "அப்ப ஏஎம்5தானே நல்லது?" என்பார்கள். பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் சேர்க்கிறவர் மூன்று வருடம் கழித்து பிராசசர் மட்டும் மாற்றுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்போது போர்டும் உப்பு தின்றிருக்கும். ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமும் கூடுதலாகக் கேட்கும் பணத்தில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸும் யுபிஎஸ்ஸும் வந்துவிடும் என்றால் நான் பழைய சாக்கெட்டையே எடுப்பேன்.

எதை எடுப்பது? கணக்கு, படிப்பு, இ-சேவை என்றால் இன்டெல்லின் ஐ3-12100. 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை), உள்ளேயே கிராபிக்ஸ். வீடியோ எடிட்டிங் என்றால் ஐ5-12400. 6 கோர், உள்ளே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற வீடியோ சிப் உண்டு. கேமரா கோப்பை டைம்லைனில் ஓட்டவும் கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யவும் அது நிறைய உழைக்கும். கார்டு வாங்கப் பணமில்லை, ஆனால் கொஞ்சம் கேமும் ஆட வேண்டும் என்றால் ரைசன் 5 5600ஜி. அதன் உள் கிராபிக்ஸ் இன்டெல்லின் இந்த இரண்டையும்விட கேமில் வலுவானது.

இங்கே எழுத்துகளைக் கவனியுங்கள். இன்டெல்லில் கடைசியில் எஃப் என்று முடிந்தால் (12100எஃப், 12400எஃப்) உள் கிராபிக்ஸ் கிடையாது. குயிக் சிங்க்கும் கிடையாது. ரைசன் 5 5600க்கும் அப்படித்தான். அந்த வரிசையில் ஜி இருந்தால்தான் கார்டு இல்லாமல் படம் வரும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று எஃப் வாங்கிக் கொண்டுபோய், மூன்று நாள் "டிஸ்ப்ளே வரலண்ணே" என்று போர்டைக் குறை சொன்ன ஆட்களை எனக்குத் தெரியும்.

போர்டில் என்ன பார்க்க வேண்டும்? இன்டெல்லுக்கு எச்610 வகைப் போர்டு மலிவு, ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. ஐ3க்கும் 12400க்கும் போதும். பி760 கூடுதல் ஸ்லாட்டும் இன்னொரு எம்.2 இடமும் (எஸ்எஸ்டி செருகும் சின்ன ஸ்லாட்) தரும். வீடியோக்காரர்கள் இதற்குப் போகலாம். ஏஎம்4ல் ஏ520 அல்லது பி550. பழைய பி450 போர்டு ஒன்றைத் தள்ளுபடியில் காட்டினால், பயாஸ் (போர்டை எழுப்பும் உள் மென்பொருள்) புதுப்பித்ததா என்று கேளுங்கள். பழைய பயாஸோடு இருந்தால் 5000 வரிசை பிராசசரை அது அடையாளமே காணாது. புதுப்பிக்க வேறொரு பழைய பிராசசர் தேவைப்படும், அது உச்சிப்புளியில் யாரிடம் கிடைக்கும்?

இப்போது அந்தப் பெரிய ஏமாற்று. "ஐ7 கம்போ, 16 ஜிபி ரேமோடு" என்று இணையத்தில் அடிமட்ட விலையில் வரும். பெரும்பாலும் அது 2012ல் வந்த ஐ7-3770 போன்ற 3ஆம் தலைமுறை பிராசசர், அதற்கென்று யாரோ தயாரித்த பெயர் தெரியாத புதுப் போர்டு. 4 கோர், 8 திரெட் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதே 4 கோர், 8 திரெட் உள்ள ஐ3-12100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பத்து வருட இடைவெளி. மேலும் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. ஐ7 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்.

5. ரேம்: இரண்டு துண்டாக

16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு துண்டும் இரண்டு வழியாகப் பேசும்போது தகவல் போகும் அகலம் இரட்டிப்பாகும். உள் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் இதே ரேமைத்தான் கடன் வாங்குகிறது. 5600ஜியை ஒற்றை ரேமில் ஓட்டுவது ஒற்றைத் துடுப்பில் வள்ளம் தள்ளுவது மாதிரி.

ரேம் விலை கழுத்தை நெரித்தால் இப்போதைக்கு ஒரு துண்டு போதும் என்று முடிவு செய்யலாம். அப்படியானால் அதன் முழு மாடல் எண்ணை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து "8 ஜிபி 3200" என்று மட்டும் கேட்டு வாங்கினால் இரண்டும் ஒத்துப்போகாமல் நீலத்திரை வரலாம்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. இறங்கவில்லையே என்று அழுத்தாதீர்கள்.

6. எஸ்எஸ்டி

எம்.2 இடத்தில் செருகும் என்விஎம்இ வகை, 500 ஜிபி பக்கம். இதற்கு மேல் யோசிக்க அதிகமில்லை. எச்610, ஏ520 போர்டுகளில் எம்.2 வேகம் பிசிஐஇ (போர்டில் தகவல் ஓடும் பாதை) மூன்றாம் தலைமுறையோடு, விநாடிக்கு ஏறத்தாழ 3,500 எம்பியில் நின்றுவிடும். அதில் 7,000 என்று எழுதிய எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். எம்.2 வடிவத்திலேயே மெதுவான சாட்டா வகையும் இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெட்டியில் என்விஎம்இ என்று இருக்கிறதா பாருங்கள். கல்யாண வீடியோக்களைச் சேர்த்துவைக்க ஒரு ஹார்டு டிஸ்க் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அதைப் புதிதாகவே வாங்குங்கள்.

7. கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். கேமோ, 3டியோ, கனமான எடிட்டிங்கோ இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

"சும்மா ஒரு 2 ஜிபி கார்டு போட்டு வைப்போம்" என்று ஜிடி 710 வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 5600ஜியின் உள் கிராபிக்ஸ் அதைவிட வேகம். அந்தப் பணம் கடலில் போட்டது.

சின்ன எஸ்.எம்.பி.எஸ்ஸிலேயே ஓட வேண்டுமென்றால் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 பார்க்கலாம். 70 வாட்தான் கேட்கும், தனிக் கரண்ட் ஒயர் வேண்டியதில்லை, வீடியோ சிப்பும் உள்ளது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள்: வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடர் அதில் இல்லை. அதோடு அது பிசிஐஇ பாதையில் 4 தடம் மட்டுமே பயன்படுத்தும், 5600ஜி போன்ற மூன்றாம் தலைமுறை பிசிஐஇ உள்ள பிராசசரோடு சேர்ந்தால் வேகம் மேலும் குறையும்.

கீழக்கரையில் ஒரு வீட்டில் துபாய் மச்சான் ஊருக்கு வரும்போது கார்டு கொண்டுவந்தார். "காக்கா (அண்ணே), புதுசு, பில்லும் இருக்கு" என்று மகிழ்ச்சியாகக் காட்டினார்கள். ஏழாம் மாதம் படம் போனது. வாங்கிய நாட்டில்தான் வாரண்டி என்று இங்கே கையை விரித்துவிட்டார்கள். அங்கிருந்து கொண்டுவருவதானால் வாரண்டி எந்த நாட்டுக்கு என்பதை வாங்கும் முன் மச்சானைக் கேட்கச் சொல்லுங்கள்.

8. எஸ்.எம்.பி.எஸ்: பேரம் பேசாத பார்ட்

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், காலித் தகர டப்பா மாதிரி இருக்கும். ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கும். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12 x 18, ஆக 216 வாட். பிராசசரும் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். உண்மையான 450 வாட் பெட்டியில் அந்த இடத்தில் 36 பக்கம் இருக்கும்.

65 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஐ3-12100ம் ஏறத்தாழ அதே அளவு. கார்டு இல்லாத மெஷினுக்கு நல்ல 450 வாட் தாராளம், சின்னக் கார்டோடும் போதும். எனவே வாட்டைக் கூட்டுவதைவிடத் தரத்தைக் கூட்டுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) முத்திரை குறைந்தபட்ச அடையாளம். அது மின் விரயத்தை மட்டுமே சொல்கிறது என்பதால் வாரண்டி எத்தனை வருடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றுக்குக் குறைந்தால் விடுங்கள்.

இரண்டாம் படியில் அளந்த மாலை வோல்டேஜ் இங்கே உதவும். ஸ்டிக்கரில் உள்ளீடு 200–240 என்று இருந்தால் 180க்கு இறங்கும் ஊரில் அது தடுமாறும். 100–240 என்று இருப்பதை எடுங்கள்.

9. கேபினெட்டும் உப்பும்

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர் விடுகிறதல்லவா? காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர் கோத்துக் கரையும். கடல் காற்று கொண்டுவந்து போர்டின் மேல் தூசியோடு படியவைத்த உப்பும் அதையேதான் செய்யும். ஈரமான உப்பில் கரண்ட் கசியும், செம்பு பச்சைப் பூக்கும்.

அதனால் கேபினெட்டில் நான் பார்ப்பது மூன்றே விஷயம். முன்பக்கம் கழற்றிக் கழுவும் வலை. உள்ளே இழுக்கும் விசிறி வெளியே தள்ளுவதைவிட ஒன்று அதிகம். இப்படி இருந்தால் உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடி, இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாமல் வலை வழியாகவே காற்று வரும். மூன்றாவது, பின்பக்கம் கார்டு ஸ்லாட் தகடுகள் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று திறந்திருந்தால் பல்லி வரும். எஸ்.எம்.பி.எஸ் அருகே கருகிய பல்லியைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி முகப்பு இங்கே வேண்டாம், அது காற்றையும் அடைக்கும், பணத்தையும் தின்னும்.

வைக்கும் இடம் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். தரையிலிருந்து ஒரு அடியாவது உயரம். ஓடும் மெஷின் தன் சூட்டில் தன்னை உலர்த்திக்கொள்ளும். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, திறந்ததும் "பீப் பீப்" என்று கத்தும் மெஷின்களில் பல, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் எழுந்துவிடும்.

10. பழைய பார்ட்ஸ் எதை வாங்கலாம்?

ரேம், பிராசசர், மானிட்டர் இவற்றைப் பழையதாக வாங்கலாம். ஓடினால் ஓடும் ரகம். எஸ்.எம்.பி.எஸ், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் இவை தேய்மானப் பொருள்கள், பழையது வேண்டாம். போர்டு பழையது என்றால் எந்த ஊரில் ஓடியது என்று கேட்பேன். பின்பக்கப் போர்ட்களின் தகரம் துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் அதே கதைதான்.

பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கலாம். போர்டில் விஜிஏ இருக்கிறதா என்று பார்த்து 4ஆம் படிப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கார்டுகளில் அது இருக்காது.

ஆபீஸ்களிலிருந்து கழித்த பிராண்டட் மெஷின் நல்ல விலைக்கு வரும். 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால் கணக்கு வேலைக்கு வாங்கலாம். அதில் எஸ்.எம்.பி.எஸ்ஸும் போர்டும் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கென்றே வடிவமைத்தவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். செத்தால் கடையில் மாற்று கிடைக்காது.

11. கடையில்

ஒவ்வொரு பார்ட்டுக்கும் இரண்டாவது தேர்வையும் எழுதிக்கொண்டு போங்கள். "சார், அந்த மாடல் ஸ்டாக் இல்ல, இது அதைவிட சூப்பரா இருக்கும்" என்ற வார்த்தை கட்டாயம் வரும். எஸ்எஸ்டியை மாற்றினால் பிரச்சினை இல்லை. போர்டை மாற்றினால் ரேம் வகை மாறியிருக்கலாம். அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு டிடிஆர் எண்ணைப் படியுங்கள்.

பிராசசர் பெட்டியோடு கேளுங்கள். பெட்டியில் வருவதற்குக் கம்பெனியின் 3 வருட வாரண்டி, கூடவே கூலரும் வரும் மாடல்கள் இவை. டிரே என்று பெட்டியில்லாமல் தருவதற்கு விற்றவர்தான் பொறுப்பு. இன்டெல் போர்டு வாங்கினால் கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து போன் டார்ச்சில் பின்களைப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வீட்டுக்கு வந்தபின் "நீங்கதான் வளைச்சீங்க" என்பார்கள். ஏஎம்4ல் பின் பிராசசரின் அடியில் இருக்கும்.

பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் எண்ணும் வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்த பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அங்கேயே போட்டோ எடுங்கள்.

12. கேபினெட்டுக்குள் போடும் முன் மேசையில் ஓட்டுங்கள்

போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ், மானிட்டர் இவற்றை மட்டும் மாட்டி எழுப்புங்கள். கோளாறு இருந்தால் எந்தப் பார்ட் என்று இங்கே பத்து நிமிடத்தில் தெரியும். எல்லாம் பூட்டிய பின் என்றால் அரை நாள்.

படம் வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். போர்டின் மேல் மூலையில் 8 பின் பிராசசர் கரண்ட் ஒயர் மாட்டியதா? புதியவர்கள் மறப்பதில் முதலிடம் இதற்குத்தான். ரேம் கிளிக் என்று உட்கார்ந்ததா? கார்டு போட்டிருந்தால் மானிட்டர் ஒயர் கார்டிலா, போர்டிலா? டிடிஆர்5 போர்டு முதல் முறை எழ சில நிமிடம் எடுக்கும். கருப்புத் திரையைப் பார்த்துப் பயந்து அணைக்காதீர்கள்.

இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் ஆணிகளும் மறுபக்கம் வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று போர்டைத் திருப்பிப் பாருங்கள். மூன்று மட்டும் பிடித்திருந்தாலும் மெஷின் எழும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் மந்தமாகும். தனியாக வாங்கிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

எழுந்தபின் அணைத்து இரண்டாவது ரேமையும் மாட்டுங்கள். 4 ஸ்லாட் போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட். பயாஸில் எக்ஸ்எம்பி முறையைத் தேர்வு செய்தால்தான் சில ரேம்கள் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை யுபிஎஸ் இணைப்போடு ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லையென்றால் போர்டைக் கேபினெட்டில் இறக்குங்கள். அட்டைப்பெட்டிகளை வாரண்டி முடியும்வரை பரண்மேல் ஏற்றி வையுங்கள், ஒழுகாத பக்கமாகப் பார்த்து.